காதில் நிற்காத இயர்பட்ஸ்: வாசகர் கேள்விகள், பதில்கள்

கேள்வி: எந்த இயர்பட்ஸ் வாங்கினாலும் வலது காதில் மட்டும் நிற்பதில்லை. பேசினால் நழுவுகிறது, சாப்பிட்டால் விழுந்தே விடுகிறது. இடது காதில் ஒரு தொந்தரவும் இல்லை. இதுவரை மூன்று ஜோடி மாற்றிவிட்டேன். கழன்று விழாத ஒரு மாடலின் பெயரைச் சொல்லுங்களேன்.

பதில்: மாடல் பெயர் சொல்வது எனக்குச் சுலபம். உங்கள் வலது காது அதை ஒப்புக்கொள்ள வேண்டுமே! நாலாவது ஜோடிக்குப் பணம் கட்டும் முன், கையில் இருக்கிற ஜோடியை வைத்தே கொஞ்சம் சோதித்துப் பார்த்துவிடலாம்.

இரண்டு காதும் அச்சு அசல் ஒன்றுபோல் இருப்பதில்லை. துளை ஒரு பக்கம் சற்று அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் இருக்கலாம். உள்ளே வளைகிற கோணமும் வேறுபடலாம். பெரியவர்களுக்குக் காதுத் துளையின் நீளம் சுமார் 2.5 செ.மீ., குறுக்களவு சராசரியாக 7 மி.மீ. அதுவும் வட்டமாக இருக்காது, நீள்வட்டம்தான். பெட்டியோடு வருகிற டிப்புகளோ (பட்ஸின் முனையில் மாட்டும் மெத்தென்ற உறைகள்) பெரும்பாலும் வட்டம். அந்த வட்டம் துளையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்து, உள்ளே போனதும் அமுங்கினால்தான் இடைவெளி இல்லாமல் அடைக்கும்.

சாப்பிடும்போது விழுவதற்குத் தாடைதான் காரணம். நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு, சுண்டுவிரல் நுனியை வலது காதில் லேசாக வைத்து, வாயை அகலத் திறந்து மூடிப் பாருங்கள். துளையின் முன்பக்கச் சுவர் விரலை விட்டு விலகுவதும் மறுபடி வந்து தொடுவதும் நன்றாகவே தெரியும். தாடை மூட்டு அந்தச் சுவருக்கு நேர் முன்னால் இருப்பதால், மெல்லும் ஒவ்வொரு முறையும் துளையின் வடிவம் மாறுகிறது. டிப்பின் பிடி தளர்வாக இருந்தால் அந்த அசைவே அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளிவிடும். இதையே இடது காதிலும் செய்து பாருங்கள். வலதில் அசைவு அதிகம் என்று தெரிந்தால் திருடன் பிடிபட்டான்.

அப்புறம், நழுவுகிறது என்றதும் பலரும் சின்ன டிப்புக்கு மாறுகிறார்கள். சின்னதாக இருந்தால் ஆழமாகப் போகும், ஆழமாகப் போனால் நிற்கும் என்று கணக்கு. ஆழமாகப் போவது உண்மைதான். ஆனால் சுவரைத் தொடாமல் தொளதொளவென்று இருக்கும். வலது காதுக்கு மட்டும் ஒரு அளவு பெரிய டிப்பை மாட்டுங்கள். இடதுக்கு நடுத்தரம், வலதுக்குப் பெரியது என்று போடக்கூடாது என எந்தச் சட்டமும் இல்லை.

மாட்டும் முறையும் முக்கியம். இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து வலது காது மடலை மேலும் பின்னுமாக லேசாக இழுங்கள். துளையின் வளைவு ஓரளவு நேராகும். அந்த நேரத்தில் இயர்பட்டை உள்ளே வைத்து, சற்றே திருப்பி, மடலை விட்டுவிடுங்கள். வெறுமனே அழுத்தினால் டிப் வளைவில் முட்டிக்கொண்டு நிற்கும், கொஞ்ச நேரத்தில் வெளியே வந்துவிடும். காதில் எண்ணெய்ப் பசையோ வியர்வையோ இருந்தால் முதலில் உலர்ந்த துணியால் டிப்பையும் காதின் வெளிப்பக்கத்தையும் துடைத்துவிடுங்கள். வழுக்குகிற சிலிகான் டிப்புக்கு எந்த அளவும் சரிப்படாது.

ஏர்பாட்ஸ் ப்ரோ, சோனியின் சில மாடல்கள் போன்றவற்றில், டிப் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்கும் சோதனை உண்டு. ஒரு சத்தத்தை ஒலிக்கவிட்டு, உட்பக்க மைக்கை வைத்து எவ்வளவு கசிகிறது என்று அளக்கிறது. நல்ல வசதி. ஆனால் அது சொல்வது அந்த நொடியின் நிலையை மட்டும்தான். ஒருமுறை சோதித்துவிட்டு, எதையாவது ஐந்து நிமிடம் மென்றுவிட்டு, கையால் தொடாமல் மறுபடி சோதியுங்கள். இரண்டாவது முறையும் சரி என்று வந்தால் அந்த டிப்பை நம்பலாம்.

இதெல்லாம் செய்தும் விழுந்தால்தான் புதிது வாங்குவதைப் பற்றி யோசிக்க வேண்டும். அப்போதும் பிராண்டைப் பார்க்காதீர்கள். பிடிமானம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். உங்களுக்குத் துளையை மட்டும் நம்பியிருக்கிற வகை வேண்டாம். மடலின் உள்மடிப்பில் செருகிக்கொள்ளும் சிறு ரப்பர் இறக்கை உள்ளதோ, காதுக்குப் பின்னால் போகிற கொக்கி உள்ளதோ வாங்கலாம். கொக்கி வைத்த பவர்பீட்ஸ் ப்ரோவின் முதல் மாடல் கொஞ்சம் கனம்தான். இரண்டாவதில் ஒரு காதுக்கு 8.7 கிராமாகக் குறைத்துவிட்டார்கள். கொக்கி என்றாலே கனம் என்று இப்போது ஒதுக்க வேண்டியதில்லை.

கேள்வி: என் காது ரொம்பச் சின்னது. இருப்பதிலேயே சிறிய டிப் போட்டாலும் அரை மணி நேரத்தில் வலிக்க ஆரம்பித்துவிடுகிறது. இன்னும் சிறிய டிப் தனியாகக் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். ஆனால் வலி டிப்பால்தானா என்பது முதலில் தெரிய வேண்டும். பட்டைக் கழற்றியதும் எங்கே வலிக்கிறது என்று விரலால் தொட்டுப் பாருங்கள். துளைக்குள் எரிச்சலா, வெளியே கிண்ணம்போல் குழிந்திருக்கிற இடத்தின் ஓரத்திலா?

துளைக்குள் என்றால் டிப் பெரிது. இதற்கு இப்போது வழி உண்டு. சோனியின் 1000எக்ஸ்எம்4 மாடலுக்கு மூன்று அளவு டிப்தான் தந்தார்கள். எக்ஸ்எம்5-ல் சிறியதற்கும் சிறிய ஒன்றைச் சேர்த்து நான்காக்கினார்கள். 2025-ல் வந்த ஏர்பாட்ஸ் ப்ரோ 3-ல் ஐந்து அளவுகள், அதில் இரண்டு வழக்கமான சிறியதைவிடவும் சிறியவை. பெட்டியில் எத்தனை டிப் என்பதைவிட, மிகச் சிறிய அளவு இருக்கிறதா என்று பாருங்கள்.

வெளிக் குழியில் வலித்தால் டிப்பை மாற்றி ஒரு பயனும் இல்லை. அங்கே உறுத்துவது பட்டின் உடம்பு. கண்ணாடி முன் நின்று பாருங்கள், அல்லது யாரையாவது பக்கவாட்டில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். துளைக்கு முன்னால் ஒரு சிறு மேடு, அதற்கு எதிரே கீழ்ப்பக்கம் இன்னொரு மேடு, இரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளம் தெரியும். உருண்டையான பட் அந்தக் குழி முழுவதையும் நிரப்பி உட்காரும் வகை. பெரிய குழி உள்ளவர்களுக்கு அதுவே நல்ல பிடிமானம். சின்னக் குழியில் அது இரண்டு மேட்டையும் நெட்டித் தள்ளிக்கொண்டே இருக்கும். குருத்தெலும்பின் மேல் தோல் மெல்லியது, அரை மணி நேரம் தாங்கியதே பெரிய விஷயம்.

உங்களுக்குத் தண்டு கீழே தொங்குகிற வகை பொருந்த வாய்ப்பு அதிகம். மைக்கும் வேறு சில பாகங்களும் தண்டுக்குள் போய்விடுவதால் குழிக்குள் இருக்கும் பகுதியைச் சிறிதாக்க முடிகிறது. தண்டு வேண்டாமென்றால் எடையைப் பாருங்கள். மேலே சொன்ன எக்ஸ்எம்4 ஒரு பக்கம் 7.3 கிராம், எக்ஸ்எம்5 5.9 கிராம், அதே நிறுவனத்தின் லிங்க்பட்ஸ் எஸ் 4.8 கிராம். கடைசியில் உள்ளது உருவத்திலும் சிறியது.

ஒரு எச்சரிக்கை. தண்டு இருந்தும் டிப்பே இல்லாத வகை ஒன்று உண்டு, ஏர்பாட்ஸ் 4 போல. அது நான் சொன்ன பள்ளத்தில் சாய்ந்துதான் நிற்கிறது. பள்ளம் ஆழமில்லாத காதில் தலையைக் குனிந்தாலே விழுந்துவிடும், மாற்றிப் போட டிப்பும் கிடையாது. வாங்குவதானால் முதலில் ஒருவரிடம் கேட்டுப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

இயர்பட்ஸ் போடாத நாட்களிலும் வலி இருந்தாலோ, காதில் நீர் வடிந்தாலோ, இது என் வேலை இல்லை. காது மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: ஃபோம் டிப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: பாதி உண்மை. ஃபோம், அதாவது பஞ்சுபோல் அமுங்கும் நுரைப்பொருள், அமுங்கி உள்ளே போய், காதின் வடிவத்துக்கு விரிந்துகொள்வதால், நீள்வட்டமாகவோ கோணலாகவோ உள்ள துளைக்கு நன்றாகப் பொருந்தும். வழுக்காது. விரலால் உருட்டிச் சுருக்கி, மடலை இழுத்து உள்ளே வைத்து, விரியும் வரை அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். அந்த அரை நிமிடப் பொறுமை இல்லாதவர்கள்தான் ஃபோம் சரியில்லை என்று எழுதுகிறார்கள். போன் வந்ததும் சட்டென்று எடுத்து மாட்டுகிறவருக்கு இது ஒத்துவராது.

குறைகளும் உண்டு. காதழுக்கையும் வியர்வையையும் உறிஞ்சும். சிலிகான்போல் கழுவிப் புதிதாக்க முடியாது. சில மாதங்களில் விறைத்துப்போகும் அல்லது பிய்ந்துவிடும், மறுபடி வாங்க வேண்டும். உயர் சுருதி ஒலிகளைக் கொஞ்சம் மங்க வைக்கும். சிலருக்கு அதுவே பிடிக்கும்.

வாங்கும்போது பலர் கோட்டை விடுவது ஓரிடத்தில். டிப்பின் ஓட்டை உங்கள் பட்டின் மூக்குக்குப் பொருந்தினால் போதாது. டிப்போடு சேர்த்து பட் கேஸுக்குள் முழுதாக உட்கார வேண்டும். ஒயர் இயர்போனுக்கான உயரமான டிப்பை மாட்டினால் மூடி மூடுவதுபோலவே தெரியும், ஆனால் பட் ஒரு நூல் தூக்கிக்கொண்டு நின்று சார்ஜ் முனையைத் தொடாது. மறுநாள் காலையில் ஒரு காது மட்டும் செத்துக் கிடக்கும். ஒயர்லெஸ் பட்டுக்கென்று குட்டையாகச் செய்யப்பட்டதாகப் பார்த்து, முடிந்தால் உங்கள் மாடல் பெயர் போட்டதாகவே வாங்குங்கள். ஏர்பாட்ஸ் ப்ரோ போன்றவற்றில் டிப் பூட்டிக்கொள்ளும் முறையே தனி. பொதுவான டிப் ஏறாது.

கேள்வி: எல்லோரும் பேஸ் அதிருது என்று புகழ்ந்த இயர்பட்ஸ், எனக்குத் தகர டப்பாவில் தட்டியதுபோல் கேட்கிறது. போலியாக இருக்குமோ?

பதில்: போலி என்று முடிவுகட்டும் முன், பாட்டு ஓடும்போது இரண்டு பட்டையும் விரலால் லேசாக உள்ளே அழுத்திப் பாருங்கள். பேஸ் திடீரென்று வந்தால் பொருள் நல்லதுதான், டிப்தான் சிறிது. இடைவெளி இருந்தால் முதலில் தப்பித்துப் போவது தாழ்ந்த ஒலிகள். இரைச்சலைக் குறைக்கும் வசதியும் தாழ்ந்த ஒலிகளில்தான் திறமையாக வேலை செய்யும் என்பதால் அதுவும் கூடவே சொதப்பும்.

கேள்வி: துளைக்குள் எது போட்டாலும் அரிப்பு எடுக்கிறது. மூக்குக் கண்ணாடியும் போடுகிறேன். எனக்கு என்ன வழி?

பதில்: சிலிகானை விட்டு ஃபோமுக்கு மாறியும் அரிப்பு நிற்கவில்லை என்றால் துளையை விட்டே வெளியே வந்துவிடுங்கள். மூன்று வழி இருக்கிறது.

எலும்பு வழியாக அதிர்வைக் கடத்தும் வகை காதுக்கு முன்னால் கன்ன எலும்பில் உட்காரும். பின்மண்டையைச் சுற்றி ஒரு பட்டை வரும். ஓடுவதற்கு அருமை, தலையணையில் சாய்ந்தால் பட்டை இடிக்கும். கொக்கியில் மாட்டி, துளைக்கு வெளியே நின்று ஒலிக்கும் வகையும் உண்டு. ஆனால் அதன் கொக்கியும் உங்கள் கண்ணாடிக் காலும் ஒரே இடத்துக்குச் சண்டை போடும். கண்ணாடி போடுகிறவருக்கு நான் சொல்வது, மடலின் ஓரத்தைக் கவ்விக்கொள்ளும் கிளிப் வகை. ஹுவாவே ஃப்ரீகிளிப், போஸ் அல்ட்ரா ஓபன் இரண்டும் அப்படிப்பட்டவை. மேல் காதில் வளையமோ கம்மலோ போட்டிருந்தால் மட்டும் கவ்வும் இடத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

துளை திறந்தே இருப்பதால் வெளிச்சத்தம் அப்படியே உள்ளே வரும். தெருவில் நடக்கும்போது அது நல்லது. பேருந்திலோ ரயிலிலோ, கேட்கவில்லையே என்று வால்யூமைக் கூட்டிக்கொண்டே போவீர்கள், அதுதான் ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்கிற அளவு 80 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம். சத்தம் மூன்று டெசிபல் கூடினால் கேட்கும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும். இரைச்சலான பயணம்தான் உங்களுக்கு முக்கியமென்றால், காதை முழுதாக மூடும் பெரிய ஹெட்போனே மேல். அதில் துளைக்குள் எதுவும் போகாது. கண்ணாடிக் கால் மெல்லியதாக இருந்தால் குஷனும் பெரிதாக விலகாது.

கேள்வி: ஆன்லைனில் வாங்கலாமா, கடையிலா?

பதில்: காது சிக்கலானது என்றால், எங்கே திருப்பி எடுத்துக்கொள்கிறார்களோ அங்கே. சுகாதாரக் காரணம் சொல்லி, சீல் உடைத்த இயர்பட்ஸைத் திருப்பி எடுக்காத விற்பனையாளர்கள் நிறைய உண்டு. ஆர்டர் போடும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். 'பழுதானால் மாற்றித் தருவோம்' என்பதும் 'பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம்' என்பதும் வேறு வேறு. காதில் பொருந்தவில்லை என்பது பழுது கணக்கில் வராது.

கடையில் போட்டுப் பார்க்கக் கொடுத்தால், பலர் காதில் போன டிப்பை அப்படியே மாட்டாதீர்கள். புது டிப் கேளுங்கள், இல்லையென்றால் துடைத்துத் தரச் சொல்லுங்கள். போட்டதும் பாட்டுக் கேட்டு மயங்கிவிடாமல், கடைக்காரரோடு ஐந்து நிமிடம் வாய்விட்டுப் பேசுங்கள், குனிந்து செருப்பைச் சரிசெய்யுங்கள், தலையை ஆட்டுங்கள். அவர் ஒரு மாதிரி பார்த்தால் பார்க்கட்டும்.