ஒட்ட மறுக்கும் வெண்குழியங்கள்: வாசகர் கேள்வி-பதில்

தெஹிவளை மாணவி: செலக்டின், இன்டெக்ரின் இரண்டும் வெண்குழியம் குருதிக்கலன் சுவரில் ஒட்ட உதவும் புரதங்கள்தானே, ஏன் இரண்டு?

ஓடும் 100ஆம் இலக்க பஸ்ஸிலிருந்து குதிப்பவரைக் காலி வீதியில் பார்த்திருப்பீர்கள். நாலைந்து அடி தடுமாறி ஓடுவார்; அது செலக்டின். பிறகு கம்பத்தைப் பிடித்து நிற்பார், அது இன்டெக்ரின். நின்ற பிறகுதான் ஒழுங்கைக்குள் நுழையலாம்; வெண்குழியமும் அப்படி நின்ற பிறகுதான் கலன் சுவரைத் தாண்டி இழையத்துக்குள் நுழையும்.

வெள்ளவத்தை வாசகர்: வெண்குழியம் 17,000. காய்ச்சல் இல்லை. இரத்தப் புற்றுநோயா?

வயது எழுதவில்லை, மருந்து எழுதவில்லை. பாதி வெட்டுப்பட்ட அறிக்கைப் படம் மட்டும் வந்திருக்கிறது. நல்லவேளை, படத்தின் ஓரத்தில் ஒரு மாத்திரை அட்டை தலைநீட்டுகிறது: பிரெட்னிசலோன், ஒரு ஸ்டீராய்ட். தொய்வுக்குக் கொடுத்திருப்பார்கள். நியூட்ரோபில் என்ற வகை வெண்குழியங்களில் ஏறக்குறையப் பாதி எந்நேரமும் குருதிக்கலன் சுவரோரம் ஒதுங்கி நிற்பவை; ஊசியில் எடுக்கும் குருதியில் அவை கணக்குக்கு வராது. ஸ்டீராய்ட் அந்தப் பிடியைத் தளர்த்தும், என்பு மச்சையிலிருந்தும் புதியவற்றை இறக்கும். எண்ணிக்கை எகிற இது போதும், கிருமி தேவையில்லை.

எனக்கு இதில் பழைய கோபம் உண்டு. ஆய்வுகூடத்தில் இருந்த காலம் முழுவதும், படிவத்தில் 'தற்போது எடுக்கும் மருந்துகள்' என்ற கட்டம் வெறுமையாகவே வரும். என் தமக்கை மகனுக்கே இப்படி எண்ணிக்கை ஏறி, இரண்டாம் முறையும் அன்டிபயோட்டிக் தொடங்கியாயிற்று. கடைசியில் அக்கா கைப்பையைக் கட்டிலில் கொட்டினார். சீப்புக்கும் பஸ் டிக்கெட்டுக்கும் நடுவே ஸ்டீராய்ட் அட்டை, ஆறு மாத்திரை குறைவாக. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆகவே மருந்தை எழுதுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், அது வேறு ஆபத்து. அட்டையோடு வைத்தியரிடம் போய், குருதிப் பூச்சையும் (கண்ணாடித் தட்டில் பூசி நுணுக்குக்காட்டியில் பார்ப்பது) பார்க்கச் சொல்லுங்கள். முதிராத கலங்கள் போன்ற அசாதாரணம் தெரிந்தால்தான் நீங்கள் பயப்படும் பேச்சு.

கொட்டாஞ்சேனைத் தாய்: 12 நாளாகியும் தொப்புள்கொடி விழவில்லை. ஒட்டும் புரதக் குறைபாடா?

12 நாள் பெரிதல்ல. சுற்றிச் சிவந்தாலோ மணத்தாலோ இன்றைக்கே காட்டுங்கள். மூன்று நான்கு கிழமை கடந்தும் விழாமல், தொற்று திரும்பத் திரும்ப வந்து, புண்ணில் சீழ் மட்டும் கட்டாமல் இருந்தால்தான் அந்தச் சந்தேகம். இன்டெக்ரினின் ஒரு பகுதியான சிடி18 புரதம் குறைந்த பிள்ளைகளில் நியூட்ரோபில் குருதியில் குவிந்து கிடக்கும், புண்ணுக்குப் போய்ச் சேராது. பத்து இலட்சத்தில் ஒன்று. பெற்றோர் நெருங்கிய சொந்தமென்றால் வாய்ப்புக் கூடும். அதையும் நீங்கள் எழுதவில்லை.

பம்பலப்பிட்டி வாசகர்: ஒட்டும் தன்மையைக் கூட்ட எந்தக் கீரை நல்லது?

எதுவுமில்லை. கூட்டவும் வேண்டாம், நாடிச் சுவரில் கொழுப்புப் படிவு வளர்வதில் வேண்டாத இடத்தில் வெண்குழியங்கள் ஒட்டுவதற்கும் பங்குண்டு.

மட்டக்குளி வாசகர்: லண்டனில் தம்பிக்கு எம்.எஸ். (நரம்புகளின் உறையை உடலின் காவலே தாக்கும் மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ்) நோய்க்கு நடாலிசுமாப் ஏற்றுகிறார்கள். ஒட்டுவதைத் தடுப்பது ஆபத்தில்லையா?

உண்டு. அதனால்தான் அமெரிக்காவில் 2004இல் அனுமதி பெற்று, 2005இல் நிறுத்தப்பட்டு, 2006இல் கட்டுப்பாடுகளோடு திரும்பிய மருந்து அது. லிம்போசைட்டுகள் என்ற வகை வெண்குழியங்கள் கலன் சுவரில் ஒட்டி மூளைக்குள் நுழையாமல் தடுக்கிறது. காவல் குறைந்த இடத்தில், பலரின் உடலில் சும்மா தங்கியிருக்கும் ஜேசி வைரஸ் தலைதூக்கி மூளையைத் தாக்கலாம். தம்பிக்கு அந்த வைரஸுக்கான குருதிப் பரிசோதனை கடைசியாக எப்போது நடந்தது என்று கேளுங்கள். பேச்சு குழறினால் அடுத்த ஊசி நாள்வரை காத்திருக்கக் கூடாது.