பழைய செவ்ரலே 350 எஞ்சினுக்கு ஹை வால்யூம் ஆயில் பம்ப் தேவையா?

ரீபில்ட் முடிந்தது, ரோட்டில் மட்டும்தான் ஓட்டப் போகிறேன், பெரிய பம்ப் போட்டால் பாதுகாப்புதானே என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். புது ஸ்டாண்டர்டு பம்ப் போதும்.

பம்ப் தள்ளுவது ஆயிலை. அது பேரிங் இடைவெளியில் (சுழலும் தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவில் உள்ள சந்து) நெருக்கியடித்துப் போவதால்தான் பிரஷர் ஏறுகிறது. இடைவெளி 0.05 முதல் 0.065 மி.மீ.க்குள் இருந்தால் ஸ்டாண்டர்டு பம்பே தாராளம். ஹை வால்யூம் பம்பில் கியர்கள் சுமார் 25% அதிக உயரம், அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் கூடுதல் ஆயில் தள்ளும். அந்தக் கூடுதல் ஆயில், பிரஷர் மிஞ்சினால் திறக்கும் ரிலீஃப் வால்வு வழியாகத் திரும்பிவிடும். சூடும், பம்பைச் சுழற்றும் டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பங்கிடும் பாகம்) கியருக்குச் சுமையும்தான் மிச்சம். இடைவெளியை வேண்டுமென்றே கூட்டியிருந்தால், அல்லது ஆயில் கூலர் இருந்தால், அப்போது அது சரி. ஹை பிரஷர் பம்ப் என்பது வேறு: அதில் ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங்தான் கடினம்.

எஞ்சின் சூடான பிறகு ஒவ்வொரு 1000 ஆர்பிஎம்முக்கும் 10 பிஎஸ்ஐ (பிரஷர் அளவு) இருந்தால் போதும் என்பது மெக்கானிக்குகளின் பழைய கணக்கு.

பம்பைவிட, அதை மாட்டும் விதத்தில்தான் எனக்குக் கவலை. பம்பைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டில் பிளாஸ்டிக் ஸ்லீவ் இருந்தால் இரும்பு ஸ்லீவ் உள்ளதாக மாற்றுங்கள். பிக்கப்பின் (பம்புக்கு ஆயிலை உறிஞ்சும் குழாய்) அடியில் களிமண் உருண்டை ஒட்டி, ஆயில் பான் என்ற அடித்தொட்டியை வைத்து அழுத்தி எடுங்கள். நசுங்கிய களிமண்ணின் தடிமன், அதாவது இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி, சுமார் 10 மி.மீ. இருக்க வேண்டும். பிக்கப்பைப் பற்றவைப்பதாக இருந்தால் முதலில் ரிலீஃப் ஸ்பிரிங்கைக் கழற்றிவிடுங்கள், சூட்டில் அதன் விறைப்பு போய்விடும்.

அப்புறம், ஸ்டார்ட் செய்வதற்கு முன் டிஸ்ட்ரிபியூட்டர் துளை வழியாக டிரில்லால் பம்பைச் சுற்றுங்கள். மேலே வால்வுகளைத் திறக்கும் எல்லா ராக்கர்களிலும் ஆயில் கசிந்து வரும்வரை நிறுத்தாதீர்கள்.