தெருமரங்கள்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் தெருமரங்களைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பலருக்கும் பொதுவாக இருந்தவற்றை எடுத்துக்கொண்டோம்.

எங்கள் வார்டின் பிரதான சாலையில் இருபுறமும் மயில்கொன்றையும் பெருங்கொன்றையும் நிற்கின்றன. எல்லாம் ஒரே சமயத்தில் நட்டவை. நாற்பது வயது இருக்கும். ஒவ்வொரு மழைக்கும் இரண்டு மூன்று சாய்கின்றன. மொத்தமாக வெட்டிவிட்டுப் புதிதாக நடலாம் என்கிறார்கள் சிலர். செய்யலாமா?
– வார்டு உறுப்பினர், சிறு நகராட்சி

வேண்டாம். மொத்தமாக வெட்டினால் பத்து ஆண்டுகளுக்குச் சாலையில் நிழல் இருக்காது. மொத்தமாக நட்டால், இன்னும் நாற்பது ஆண்டுகள் கழித்து உங்கள் பேரப்பிள்ளைகள் இதே கேள்வியைக் கேட்பார்கள். ஒரே நாளில் நட்ட மரங்கள் ஒரே காலத்தில்தான் கிழடாகும்.

முதலில் கணக்கெடுங்கள். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு எண், ஒரு பக்கம். தரையிலிருந்து நான்கரை அடி உயரத்தில் சுற்றளவு எவ்வளவு, சாய்வு எந்தப் பக்கம், அடிமரம் எப்படி இருக்கிறது என்று குறியுங்கள். அடிமரம்தான் முக்கியம். மேலே பச்சைப்பசேல் என்றிருக்கும் மரம் கீழே உளுத்துப் போயிருக்கும். பார்க்க வேண்டியவை இவை: அடியில் தட்டுத் தட்டாக, மேலே வார்னிஷ் அடித்ததுபோல் பளபளக்கும் செம்பழுப்புக் காளான், சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண்ணில் வெடிப்பு அல்லது மேடு, மரச்சுத்தியலால் தட்டினால் பானையைத் தட்டியதுபோன்ற ஓசை. பொந்து இருந்தால் மெல்லிய கம்பியை விட்டு, சுற்றியுள்ள நல்ல மரம் எவ்வளவு கனம் என்று அளந்துபாருங்கள். அது தண்டின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்தால் ஆபத்து. ஆரம் 30 செ.மீ. என்றால், பொந்தைச் சுற்றி 10 செ.மீ. திடமான மரமாவது இருக்க வேண்டும்.

சாய்ந்த மரமெல்லாம் ஆபத்தானது அல்ல. இளமையிலேயே சாய்ந்து, வெளிச்சம் தேடி நுனி நிமிர்ந்த மரம் தன்னைத் தாங்கிக்கொள்ளும். போன மாதம் நேராக நின்று இந்த மாதம் சாய்ந்திருக்கும் மரத்துக்குத்தான் அவசரம்.

மரங்களை மூன்றாகப் பிரியுங்கள்: உடனே எடுக்க வேண்டியவை, கிளையைக் குறைத்து ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டியவை, இப்போதைக்குத் தொடக்கூடாதவை. முதல் வகையை ஆடி, ஆவணிக்குள் முடித்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை வந்தபின் ஏலம் கூறுவதில் பயனில்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. வேர் அழுகிய மரத்துக்குப் புயல்கூட வேண்டாம். மண் ஊறிய நாளில் அடிக்கும் ஒரு பெருங்காற்று போதும். மீதியை ஆண்டுக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல் மாற்றுங்கள். இரண்டு பழைய மரங்களுக்கு நடுவே இடமிருந்தால் இந்த ஆண்டே கன்றை வையுங்கள். பழையது போகும்போது புதியது கூரை உயரம் வந்திருக்கும்.

காளான் வந்து செத்த மரத்தின் குழியில் அப்படியே மறு கன்று வைக்காதீர்கள். அந்தக் காளான் அடிக்கட்டையிலும் வேர்த்துண்டிலும் உயிரோடு இருக்கும். கட்டையை வேரோடு தோண்டி எடுத்து, மண்ணை மாற்றி, இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நடுங்கள்.

எதை நடுவது? அமெரிக்கத் தாவரவியலாளர் ஃபிராங்க் சாந்தமூர் 1990-இல் ஒரு கணக்குச் சொன்னார்: நகரத்தின் மரங்களில் ஒரே இனம் பத்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, ஒரே பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுதி) இருபதையும், ஒரே குடும்பம் (நெருங்கிய பேரினங்களின் தொகுதி) முப்பதையும் தாண்டக் கூடாது. அந்நாட்டுத் தெருக்களில் எல்ம் மரத்தை மட்டுமே வரிசையாக நட்டு, ஒரு பூஞ்சை நோய்க்கு மொத்தத்தையும் பறிகொடுத்தார்கள். அந்தக் கணக்கை நம் ஊருக்குப் போட்டால் வேடிக்கையாக இருக்கும். மயில்கொன்றை, பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி, புங்கன், புளி, சரக்கொன்றை, மந்தாரை எல்லாமே அவரைக் குடும்பம்! பல ஊர்களில் ‘ஏழு வகை மரம் நட்டிருக்கிறோம்’ என்று பெருமையாகச் சொல்வது ஒரே குடும்பத்தைத்தான். அதனால் மகிழம், பூவரசு, புன்னை, வேம்பு, நீர்மருது என்று வேறு குடும்பங்களைக் கலந்து வையுங்கள். நாவல் நல்ல மரம்தான். ஆனால் பழக்காலத்தில் தார்ச்சாலை வழுக்கும், இருசக்கர வண்டி விழும். அதைப் பூங்காவிலும் பள்ளி மைதான ஓரத்திலும் வையுங்கள்.

ஆண்டுதோறும் கன்று நடுகிறோம். மூன்றாவது மாதத்தில் பாதி, கோடை முடிவதற்குள் முக்கால்வாசி காய்ந்துவிடுகின்றன. கன்று தரமில்லையா, மண் சரியில்லையா?
– குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர், நாமக்கல் மாவட்டம்

இரண்டும் இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் குற்றவாளி குழிதான்.

காய்ந்த கன்று ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். வேர் இன்னும் பை வடிவத்திலேயே, வட்டமாகச் சுருண்டிருந்தால் காரணம் தெரிந்துவிட்டது. பையைக் கிழிக்காமலோ, அடியை மட்டும் கிழித்தோ வைத்திருப்பார்கள். நடும் விழா என்றால் புகைப்படம் எடுக்கும் அவசரத்தில் இது சர்வ சாதாரணம்.

குழி மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம். தெருவோரத்தில் தோண்டினால் செங்கல் சல்லி, சிமென்ட் கட்டி, பிளாஸ்டிக் என்று வரும். அதையெல்லாம் அப்புறப்படுத்துங்கள், திரும்பக் குழிக்குள் தள்ளாதீர்கள். குழி நிறையத் தண்ணீர் ஊற்றி மறுநாள் பாருங்கள். அப்படியே நின்றால் அடியில் கெட்டி மண். கடப்பாரையால் நாலைந்து இடத்தில் இரண்டடி ஆழம் துளைத்து மணல் நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் மழைக்காலத்தில் அந்தக் குழி தொட்டியாகி வேர் அழுகும்.

நிரப்ப நல்ல மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு. எருவைத் தாராளமாகக் கொட்டாதீர்கள். அது மக்க மக்கக் கன்று கீழே இறங்கும். பைக்கு அடியில் வரும் மண்ணை மிதித்துக் கெட்டிப்படுத்திவிட்டு, அதன்மேல் கன்றை வையுங்கள். பையைப் பிளேடால் பக்கவாட்டில் கீறி முழுவதும் உருவி எடுங்கள். சுருண்ட வேர் இருந்தால் மண்கட்டியின் பக்கங்களில் மேலிருந்து கீழாக மூன்று நான்கு கீறல், இரண்டு செ.மீ. ஆழத்துக்கு. தண்டு அகன்று வேராக மாறும் இடம் தரைமட்டத்தில் தெரிய வேண்டும். அதை மண்ணுக்குள் புதைத்தால் பட்டை அழுகும். உடனே சாகாது, ஐந்தாறு ஆண்டு தள்ளாடிச் சாகும். அப்போது யாருக்கும் காரணம் நினைவிருக்காது.

கன்று ஆறிலிருந்து எட்டடி உயரம், தண்டு கட்டைவிரல் கனம். இரண்டடிக் கன்று மலிவுதான். தெருவில் ஆட்டு வாய்க்கும் குப்பை வண்டிக்கும் தப்பாது. தாங்குகோல் இரண்டு நட்டு, பழைய சைக்கிள் டியூப்பால் எட்டு வடிவத்தில் தளர்வாகக் கட்டுங்கள். தண்டு கொஞ்சம் ஆட வேண்டும், ஆடினால்தான் தடிக்கும். ஓராண்டில் கோலை எடுத்துவிடுங்கள்.

இனி தண்ணீர். முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் 20 லிட்டர், பிறகு மழையில்லாத வாரங்களில் இருமுறை, பங்குனியிலிருந்து வைகாசி வரை வாரம் இருமுறை 30 லிட்டர். மூன்று கோடைக்கு இது வேண்டும். 6,000 லிட்டர் டேங்கர் லாரி ஒரு நடையில் 200 கன்றுக்குக் கோடைத் தண்ணீர் விடும். ஆகவே நடுவதற்கு முன்பே கணக்குப் போடுங்கள். வாரம் இரண்டு நடைக்கு மட்டும் பணம் இருந்தால் 200 கன்றுதான் உங்கள் சக்தி. 500 வாங்கி 300-ஐச் சாகவிடுவதற்குப் பெயர் நடுவிழா அல்ல. தண்டைச் சுற்றி மூன்றடி அகலப் பாத்தி, அதில் மூன்று அங்குலச் சருகு மூடாக்கு. மூடாக்கு தண்டைத் தொடக்கூடாது.

நடும் காலம் புரட்டாசிக் கடைசி, ஐப்பசி. தென்மேற்குப் பருவமழை நன்றாகப் பெய்யும் கன்னியாகுமரி, தென்காசிப் பக்கம் ஆனியிலும் நடலாம். ஜூன் 5 சுற்றுச்சூழல் நாள் என்பதற்காக நாமக்கல்லில் நடுவது கன்றுக்கு நல்லதல்ல.

மழைக்கு முன்னால் மின்கம்பிக்காக மரத்தை மொட்டையடித்துவிட்டுப் போகிறார்கள். அடுத்த ஆண்டு முன்பைவிட அடர்த்தியாகக் கிளைத்து மறுபடி கம்பியைத் தொடுகிறது. வேறு வழி உண்டா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, சிவகங்கை மாவட்டம்

உண்டு. மொட்டையடித்த இடத்தில் கொத்துக் கொத்தாக வரும் போத்துகள் உள்மரத்தோடு பிணையாமல் மேற்பரப்பிலிருந்து முளைப்பவை. வேகமாக நீளும், கனம் ஏறியதும் பிய்த்துக்கொண்டு விழும். வெட்டிய கட்டை வழியாக உளுப்பும் உள்ளே இறங்கும். செலவு மிச்சம் என்று நினைத்து ஆண்டுதோறும் செலவை வாங்குகிறோம்.

கம்பியை நோக்கிப் போகும் கிளையை மட்டும் அது பிறக்கும் இடத்தில் எடுக்க வேண்டும். விலகிப் போகும் கிளையை விட்டுவிட வேண்டும். சில ஆண்டுகளில் மரம் கம்பிக்கு வழிவிட்டு வளரப் பழகும். ஒருமுறையில் கால்பங்கு இலைப்பரப்புக்கு மேல் எடுக்கக் கூடாது.

பெரிய கிளைக்கு மூன்று வெட்டு. தண்டிலிருந்து ஓரடி தள்ளி, அடிப்பக்கமிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழம். அதற்கு இரண்டு அங்குலம் வெளியே மேலிருந்து முழு வெட்டு, கிளை விழும். மிஞ்சிய கட்டையைக் கடைசியாக எடுங்கள். முதல் வெட்டை விட்டுவிட்டால் விழும் கிளை தண்டின் பட்டையை உரித்துக்கொண்டே இறங்கும். கடைசி வெட்டு தண்டோடு ஒட்டவும் கூடாது, கட்டை துருத்தி நிற்கவும் கூடாது: கிளை பிறக்கும் இடத்தில் வளையம்போலப் புடைத்திருக்கும், அதன் வெளி விளிம்பில் வெட்டுங்கள். அந்தப் புடைப்புதான் காயத்தை மூடும். தாரோ பெயின்டோ பூச வேண்டாம். அது உளுப்பைத் தடுப்பதில்லை, ஈரத்தை உள்ளே அடைக்கிறது. அரிவாளும் வேண்டாம், சிம்பு சிம்பாகப் பிளக்கும், ரம்பம் எடுங்கள்.

இதை நீங்களே செய்யப் புறப்படாதீர்கள். மின்வாரிய ஆட்கள் எல்.சி. (லைன் கிளியர், அதாவது மின்சாரத்தை நிறுத்தி வேலை செய்வதற்கான அனுமதி) வாங்கி, லைனை அணைத்த பிறகுதான் யாரும் மேலே ஏற வேண்டும். தெருவாசிகள் கேட்க வேண்டியது இரண்டு: ஆட்களுக்கு ரம்பம், மரம் அடர்ந்த தெருவில் வெறுங்கம்பிக்குப் பதில் உறையிட்ட ஏ.பி. கேபிள். புதிதாக நடும்போது கம்பிக்கு அடியில் மந்தாரை, பவளமல்லி, நுணா போதும். தூங்குமூஞ்சியைக் கம்பிக்கு அடியில் வைத்தவரை மன்னிக்க முடியாது.

வேப்பமரங்களின் நுனியெல்லாம் தீய்ந்ததுபோல் கருகி நிற்கின்றன. வெட்டிவிடச் சொல்கிறார்கள்.
– வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்

வெட்டாதீர்கள். தேயிலைக் கொசு என்னும் சாறுறிஞ்சிப் பூச்சி தளிரைக் குத்தினாலும், நுனிக்கருகல் பூஞ்சை தாக்கினாலும் இப்படி ஆகும். இரண்டும் சேர்ந்தும் வரும். மழை முடிந்த பனிக்காலத்தில் பார்க்கப் பயமாக இருக்கும். பெரிய மரம் மாசி, பங்குனியில் பெரும்பாலும் மறுபடி தளிர்விடும். வீடுகளுக்கு நடுவே அறுபதடி மரத்துக்கு மருந்தடிப்பது மரத்தைவிட மனிதருக்குத்தான் கெடுதல். கன்றாக இருந்தால் கருகியதற்கு அரையடி கீழே வெட்டி, வெட்டியதை எரித்துவிடுங்கள். இரண்டு பங்குனி பார்த்தும் தளிர்க்காத கிளையை மட்டும் எடுங்கள்.

பாதாளச் சாக்கடைக்கு மரத்தை ஒட்டிப் பள்ளம் தோண்டப்போகிறார்கள். எவ்வளவு தள்ளித் தோண்டினால் மரம் பிழைக்கும்? வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடுவது நல்லதா?
– ஒப்பந்தப் பொறியாளர், கரூர்

நூல் ஒன்று போதும். தண்டின் சுற்றளவை நூலில் அளந்து, அதே நூலைத் தண்டிலிருந்து தரையில் நீட்டுங்கள். அதற்கு உள்ளே ஒரு பக்கம் வேரை அறுத்தால்கூட மரம் சாயக்கூடும். நான்கு மடங்கு தள்ளினால் கவலையில்லை. இடைப்பட்ட தூரத்தில் ஜே.சி.பி. வேண்டாம், கையால் தோண்டி, 5 செ.மீ.க்கு மேற்பட்ட வேரை அறுக்காமல் அதற்கு அடியில் குழாயை நுழையுங்கள். ஜே.சி.பி. வேரை வெட்டுவதில்லை, இழுத்துப் பிய்க்கிறது; கிழிசல் தண்டுவரை ஓடும். அறுந்த வேரை ரம்பத்தால் நேராக்கி, திறந்த வேரில் ஈரச்சாக்கு போட்டு, அன்றே மண் மூடுங்கள்.

பெயர்த்து நடுவது கடைசி வழி. தண்டின் விட்டத்தைப்போல் பத்து மடங்கு அகலத்துக்கு மண்கட்டி வேண்டும். 25 செ.மீ. தண்டுக்கு இரண்டரை மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம். எடை எட்டு டன்னுக்குக் குறையாது. கிரேன் வாடகை, போகும் வழியில் குறுக்கிடும் மின்கம்பி எல்லாம் கணக்கில் வரும். அரசமரமும் ஆலமரமும் எளிதில் பிழைக்கும். போத்து, அதாவது வெட்டிய கிளைத்துண்டு, நட்டாலே துளிர்க்கும் இனம் அவை. முற்றிய புளியையும் வேம்பையும் அப்படி நம்ப முடியாது. பள்ளத்தை ஒரு மீட்டர் நகர்த்துவதே மலிவு.

நடைபாதைக் கல்லை மரத்தின் தண்டுவரை பதித்துவிட்டார்கள். எடுக்கலாமா?
– வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

எடுக்கத்தான் வேண்டும். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் கான்கிரீட் இருந்தால் அகற்றச் சொல்லி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் டெல்லிக்கு உத்தரவிட்டது. அந்த ஒரு மீட்டரையே அளவாகக் கேளுங்கள். சுத்தியும் உளியும் கொண்டு கையால் உடைக்கச் சொல்லுங்கள். பிரேக்கர் மிஷின் பட்டையைக் கிழிக்கும். எடுத்த இடத்தில் மணல் கலந்த மண், அதன்மேல் சருகு. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று மேடு கட்ட வேண்டாம்.

கோனோகார்பஸ் மரம் வேகமாக வளர்கிறது, மாடு தின்பதில்லை. நடலாமா?
– வாசகர், திருப்பூர்

கூடாது. குஜராத் 2023-இலும் தமிழ்நாடு 2025-இலும் தடைசெய்துவிட்டன. வேர் குழாய்களுக்குள் நுழையும், மகரந்தம் பலருக்கு ஒவ்வாமை தரும். இருப்பதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பூவரசுப் போத்து வையுங்கள்.

எங்கள் தெருவில் ஒரு மரம் உண்மையிலேயே ஆபத்தாக நிற்கிறது. யாரிடம் போவது?
– வாசகர், அரியலூர் மாவட்டம்

சாலை யாருடையது என்று பாருங்கள். தண்டில் காவியும் வெள்ளையும் பட்டையாகப் பூசி எண் எழுதியிருந்தால் பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறை மரம்; உள்தெரு என்றால் நகராட்சி. அரசு நிலத்து மரத்தை வெட்ட, ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். மனுவில் மரத்தின் சுற்றளவு, சாய்வு, மண் வெடிப்பு, காளான் இவற்றை எழுதி, நாணயமோ அளவுகோலோ பக்கத்தில் வைத்து எடுத்த அடிமரப் படத்தை இணையுங்கள். மழையில் மண் பிளந்து மரம் அசைந்தால் மனுவோடு காத்திருக்காதீர்கள்; தெருவை மறித்துவிட்டு, தீயணைப்புத் துறைக்கு 101-இல் சொல்லுங்கள்.