மருந்துக்கடையில் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 68. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். தொற்று பரவும் நேரத்தில் அவரை மருத்துவமனைக் கூட்டத்துக்குள் அழைத்துப் போகப் பயமாக இருக்கிறது. வழக்கமாக மாத்திரை வாங்கும் மருந்துக்கடையிலேயே இப்போது தடுப்பூசி போடுகிறார்கள். மருந்தாளுநர் போடும் ஊசியை நம்பலாமா டாக்டர்?

பதில்: தாராளமாக நம்பலாம். கடைக்கு அரசு அனுமதியும், போடுபவருக்கு அதற்கான பயிற்சியும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மருத்துவமனையிலும் தடுப்பூசியைப் பெரும்பாலும் செவிலியர்தானே போடுகிறார்? இங்கிலாந்தில் 2015 முதலே அரசுத் திட்டத்தின் கீழ் மருந்துக்கடைகளில் ஃப்ளூ தடுப்பூசி போடுகிறார்கள். அந்தப் பழக்கம் இருந்ததால் 2021 ஜனவரியில் கோவிட் தடுப்பூசியையும் கடைகளில் தொடங்க முடிந்தது. அடுத்த மாதமே அமெரிக்க மத்திய அரசும் மருந்துக்கடைகளுக்கு நேரடியாகத் தடுப்பூசி அனுப்ப ஆரம்பித்தது.

உங்கள் அம்மாவைப் போன்றவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் நன்மை உண்டு. அவர் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பது அந்த மருந்தாளுநருக்கு ஏற்கெனவே தெரியும். கூட்டம் நெரியும் முகாமில் இதையெல்லாம் விசாரிக்க யாருக்கு நேரம் இருக்கும்?

வார்ஃபரினைத் தடுப்பூசிக்காக நீங்களாக நிறுத்தவே வேண்டாம். நிறுத்தினால் ரத்தம் கட்டிக்கொள்ளும் ஆபத்துதான் பெரிது. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையின் கடைசி ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். அளவு சரியாக இருந்தால் மெல்லிய ஊசியால் போட்டுவிட்டு, அந்த இடத்தைத் தேய்க்காமல் குறைந்தது 2 நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும். அளவு எகிறியிருந்தால் முதலில் அவருடைய டாக்டரிடம் கேளுங்கள்.

தளர்வான சட்டை போட்டு அழைத்துப் போங்கள். சட்டைக் கை இறுக்கமாக இருந்து தோள் முழுதாகத் தெரியாவிட்டால், ஊசி மேலே ஏறி மூட்டுப் பக்கம் இறங்கிவிடும். அப்புறம் மாதக்கணக்கில் தோள்வலி. அம்மா உட்கார்ந்துதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

தடுப்பூசியை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று கேட்கவும் தயங்காதீர்கள். பெரும்பாலானவற்றை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். சில தடுப்பூசிகள் ஒருமுறை உறைந்துவிட்டால் திரும்ப உருகினாலும் பயன்படாது. பொறுப்பான மருந்தாளுநர் ஃபிரிட்ஜின் வெப்பநிலையைத் தினமும் குறித்து வைத்திருப்பார், கேட்டால் காட்டுவார்.

ஊசி போட்டதும் கிளம்பிவிடாதீர்கள். 15 நிமிடம் அங்கேயே உட்கார இடம் இருக்க வேண்டும், அட்ரினலினும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மூச்சுத்திணறும் அளவுக்கு ஒவ்வாமை வருவது மிக அபூர்வம். ஆனால் வந்தால் அந்த மருந்தை உடனே போட்டாக வேண்டும். அம்மாவுக்கு முன்பு ஏதாவது ஊசியாலோ மருந்தாலோ அப்படி ஆகியிருந்தால், கடை வேண்டாம், மருத்துவமனையிலேயே போடுங்கள். நல்ல காய்ச்சல் இருந்தால் தணிந்த பிறகு போகலாம்.

வார்ஃபரின் சாப்பிடுவதால் கையில் சிறிதாக நீலம் பாய்ந்தால் பயப்பட வேண்டியதில்லை. வீக்கம் பெரிதாகிக்கொண்டே போனாலோ ரத்தக்கசிவு நிற்காவிட்டாலோ, அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.