ஆசிரியர் பேரவைக்கு உண்மையில் அதிகாரம் உண்டா? புதிதாகச் சேர்ந்தவர் அதில் நிற்கலாமா?

உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது, கல்வி விஷயங்களைப் பேச ஆசிரியர்கள் தங்கள் பிரதிநிதிகளை அனுப்பும் அவையான ஆசிரியர் பேரவைத் தேர்தலில் நிற்கச் சொல்கிறார்கள், ஆனால் எல்லாம் மேலிடத்தில் முடிவாகித்தான் வருகிறது, கைதூக்குவதைத் தவிர அங்கே வேலை இல்லை என்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நில்லுங்கள். பேரவையிலும் அதன் துணைக்குழுக்களிலும் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன். கைதூக்கும் சபையாகவே காலம் தள்ளும் பேரவைகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதற்குச் சட்ட விதிகளில் அதிகாரம் இல்லாதது மட்டும் காரணமில்லை. ஒரு விஷயம் பேரவைக்கு எந்தக் கட்டத்தில் வந்து சேர்கிறது என்பதில்தான் பாதிக்கும் மேல் அடங்கியிருக்கிறது. முடிவுக்கு முன்னால் வந்தால் அது ஆலோசனை. பின்னால் வந்தால் வெறும் தகவல்.

எது ஆசிரியர்கள் கையில் இருக்க வேண்டும் என்பதில் உலக அளவில் ஓரளவு ஒத்த கருத்து இருக்கிறது. அமெரிக்காவில் பேராசிரியர் சங்கம், கல்வி நிறுவனங்களின் மன்றம், நிறுவனங்களின் உச்ச நிர்வாக அமைப்புகளான ஆட்சிக்குழுக்களின் சங்கம் மூன்றும் சேர்ந்து 1966-இல் ஓர் அறிக்கை தயாரித்தன. பாடத்திட்டம், கற்பிக்கும் முறை, ஆராய்ச்சி, ஆசிரியர் நியமனம், பதவி உயர்வு, கல்வியோடு தொடர்புள்ள மாணவர் வாழ்க்கை ஆகியவற்றில் முதன்மைப் பொறுப்பு ஆசிரியர்களுடையது என்கிறது அது. ஆட்சிக்குழு ஆசிரியர்களின் முடிவை மீறலாம், ஆனால் அரிதாக மட்டுமே, அதுவும் காரணத்தை ஆசிரியர்களுக்குத் தெரிவித்த பிறகே. இந்தக் கடைசி நிபந்தனையை எப்போதும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நிறுவனத்தை அந்த அறிக்கை கட்டுப்படுத்தாமல் இருக்கலாம். ஆனாலும் எழுத்தில் காரணம் கேட்பதை எந்த நிர்வாகமும் தவறு என்று சொல்ல முடியாது. 1997-இல் யுனெஸ்கோ வெளியிட்ட பரிந்துரையோ, கல்வி சார்ந்த அவைகளில் பெரும்பான்மைப் பிரதிநிதிகளை ஆசிரியர்களே தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டும் என்கிறது.

பணம், கட்டடம் போன்றவை ஆட்சிக்குழுவின் கையில். அதில் பெரிய சண்டை இல்லை. சண்டை வருவது எல்லைக்கோட்டில். ஒரு துறையை மூடுவதும் இரண்டு துறைகளை இணைப்பதும் ஏட்டளவில் நிதி விஷயம், நடைமுறையில் முழுக்கக் கல்வி விஷயம்.

அப்படி ஒன்றை நேரில் பார்த்தேன். கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை நிகழ்ச்சி நிரல் வந்தது, கூடவே கனமான இணைப்பு. அதன் கடைசிப் பகுதியில், 'தகவலுக்காக' என்ற தலைப்பின் கீழ், இரண்டு துறைகள் இணைக்கப்படுவதாக நாலு வரி. அந்த உருப்படி வந்தபோது பாதிப் பேர் வகுப்புக்குக் கிளம்பியிருந்தார்கள். கோபமாகப் பேசியவர்களுக்கு மரியாதையாகப் பதில் வந்தது, எதுவும் அசையவில்லை. பிறகு மூத்த பேராசிரியர் ஒருவர் எழுந்து, "இதைப் பாடத்திட்டக் குழு பார்த்ததா? பார்த்திருந்தால் குழுவின் குறிப்பைக் கொடுங்கள்" என்று மட்டும் கேட்டார். குழு பார்க்கவே இல்லை. விதிப்படி பார்த்தாக வேண்டும். உருப்படி திரும்பிப் போனது. அடுத்த முறை வந்தபோது, ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் சேர்ந்த பட்டத்தையே முடித்துப் போகத் தேவையான பாடங்கள், அவற்றை யார் நடத்துவது என்பதெல்லாம் எழுத்தில் இருந்தன. இணைப்பு நின்றுவிடவில்லை. ஆனால் அந்த மாணவர்கள் நடுவழியில் விடப்படவில்லை. விதிப் புத்தகத்தை வாசித்த ஒருவர் இருந்ததால் நடந்தது இது. முதல் கூட்டத்துக்குப் போகுமுன் பதிவாளர் அலுவலகத்தில் அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

கூட்டக் குறிப்பையும் விடாமல் வாசியுங்கள். எதிர்ப்புத் தெரிவித்தது பதிவாகாமல் போவது சாதாரணமாக நடக்கும், பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் அல்ல, எழுதுபவர் சுருக்குவதால். குறிப்பை ஏற்கும் முன் திருத்தம் சொல்லுங்கள். ஏற்றுவிட்டால் நீங்கள் பேசியதற்குச் சாட்சியே இல்லை.

வளாகப் பிரச்சினைகள் வேறு வகை. வண்டி நிறுத்தும் இடம் பற்றிய விவாதம் கூட்டத்தையே விழுங்கிவிடும், அதைத் துணைக்குழுவுக்குத் தள்ளிவிடுங்கள். பாதுகாப்பு, பாலியல் புகார் விசாரணையின் தாமதம், இரவில் ஆய்வகத்தில் வேலை செய்யும் மாணவர்கள் ஆகியவற்றுக்கு அந்த நேரம் வேண்டும். திருட்டுக்குப் பயந்து ஆய்வகத்தின் அவசர வழிக் கதவைப் பூட்டி வைத்திருந்ததை ஓர் ஆராய்ச்சி மாணவி சொல்லித்தான் நாங்கள் அறிந்தோம். 'நிர்வாகம் கவனிக்க வேண்டும்' என்று தீர்மானம் போட்டால் யாரும் கவனிக்க மாட்டார்கள். எந்த அதிகாரி, எந்தத் தேதிக்குள், எந்தக் கூட்டத்தில் வந்து பதில் சொல்ல வேண்டும் என்று எழுதினோம். உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் கதவு வந்தது.

பெரிய அளவிலும் பேரவைகள் வென்றிருக்கின்றன. 2006-இல் ஆக்ஸ்போர்டில் ஆட்சிக்குழுவில் வெளியாருக்குப் பெரும்பான்மை தரும் திட்டத்தைத் துணைவேந்தர் ஜான் ஹூட் முன்வைத்தார். ஆசிரியர்களும் மூத்த அலுவலர்களும் அடங்கிய அவையான காங்கிரகேஷன் அதை 730-க்கு 456 என்று நிராகரித்தது. பிறகு நடந்த அஞ்சல் வாக்கெடுப்பிலும் திட்டம் தோற்றது. தோற்றதும் உண்டு. கலிபோர்னியா பல்கலைக்கழகம் 1949-இல் கம்யூனிச எதிர்ப்பு உறுதிமொழியைக் கட்டாயமாக்கியபோது ஆசிரியர்கள் ஒன்றாக நிற்கவில்லை. கையெழுத்திட மறுத்த 31 பேர் 1950-இல் நீக்கப்பட்டார்கள். 1952-இல் அவர்கள் பக்கம் தீர்ப்பு வந்தது நீதிமன்றத்திலிருந்து, பேரவையிலிருந்து அல்ல. அந்த வரலாற்றை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். ஒப்பந்த ஆசிரியர்களுக்குப் பல பேரவைகளில் வாக்கு இல்லை. முதலாண்டு வகுப்புகளில் பெரும்பகுதியை அவர்கள் நடத்தும் இடங்களில்கூட, அந்த வகுப்புகளின் பாடத்திட்டத்தை அவர்கள் இல்லாத அறையில் முடிவு செய்கிறோம். அடுத்த பருவத்தில் வேலை இருக்குமா என்று தெரியாதவர் நிர்வாகத்தை எதிர்த்துப் பேசுவார் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. இளையவர் நீங்கள், அவர்களில் பலர் உங்கள் வயதினராகவே இருப்பார்கள். வென்று உள்ளே போனால், அவர்களுக்கு இடம் ஒதுக்க விதித் திருத்தம் ஒன்றை எழுதுங்கள். முன்மொழிய ஆள் கிடைக்கும். வழிமொழிய மூத்தவர் ஒருவரை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.