காப்பாற்றி வளர்த்த தெருநாயை வேறு வீட்டுக்குக் கொடுப்பது துரோகம் ஆகாதா?

அடிபட்ட தெருநாயை வீட்டில் வைத்துப் பார்த்தோம், குணமாகிவிட்டது, இப்போது ஒருவர் வளர்க்கக் கேட்கிறார், கொடுத்தால் துரோகம் செய்தது போல ஆகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். துரோகம் என்ற அதே சொல்லை என் மாமியாரும் சொன்னார். 2025 செப்டம்பரில், செவலை என்ற தெருநாயைக் காரில் ஏற்றும்போது, "நம்பி வந்த சீவனை அடுத்த வீட்டுக்கு அனுப்புறது துரோகம் கண்ணு" என்றார். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீங்கள் இதைக் கேட்கும் நேரத்தில் அது அநேகமாக உங்கள் மாடிப்படிக்குக் கீழேயோ கட்டிலுக்குக் கீழேயோ படுத்திருக்கும். வீட்டில் பெரியவர்கள் "இன்னும் எத்தனை நாளைக்கு?" என்று ஆரம்பித்திருப்பார்கள். நீங்கள் வெளியே கிளம்பினால் கேட் வரை வந்து நிற்கும். அந்த நிலைமை எனக்குத் தெரியும்.

நான் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஆலையில், தரம் பார்க்கும் லேபில் வேலை செய்கிறேன். சீசன் தொடங்கிவிட்டால் ராத்திரி ஷிப்டும் உண்டு. கூழின் பிரிக்ஸ், அதாவது இனிப்பு அளவு, 14க்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து எழுதுவது என் வேலை. வெளியே பெங்களூரா மாங்காய் ஏற்றிய லாரியும் டிராக்டரும் இரண்டு நாள், மூன்று நாள் என்று வரிசையில் நிற்கும். டிரைவர்கள் வண்டிக்குக் கீழேயே சமைத்துச் சாப்பிட்டுத் தூங்குவார்கள். மிச்சச் சோற்றுக்கு நாய்கள் வரும். அப்படி வந்தவள்தான் செவலை. ஒரு வயசு இருக்கும். சித்தூர் பக்கமிருந்து வந்த ஏதோ ஒரு லாரியோடு வந்து இறங்கியிருப்பாள் என்று வாட்ச்மேன் அண்ணன் சொன்னார்.

ஜூன் மாதம் ஒரு விடியற்காலை, எடைமேடைக்கு ரிவர்ஸில் வந்த லாரி அவளை இடுப்பில் இடித்துத் தள்ளியது. டிரைவர் மேல் நான் குறை சொல்ல மாட்டேன். மூன்று ராத்திரி தூங்காத மனுஷன். ஐந்நூறு ரூபாயை என் கையில் திணித்துவிட்டு, "எப்படியாவது பாருங்கம்மா" என்று அழாத குறையாகச் சொன்னார். நானும் வாட்ச்மேன் அண்ணனும் சாக்கில் போட்டுக் குட்டியானை வண்டியில் ஏற்றினோம். தூக்கும்போது என் கையைக் கடித்துவிட்டாள். வலியில் எந்த நாயும் கடிக்கும். ஒரு துண்டால் முகத்தை மூடிவிட்டுத் தூக்கியிருக்க வேண்டும், எனக்கு அப்போது தெரியாது.

இதைப் படித்துவிட்டு "கடிக்கிற நாய்க்கு வக்காலத்தா?" என்று கேட்க யாராவது வருவார்கள். அதனால் சொல்லிவிடுகிறேன். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் காயத்தைக் கழுவினேன். அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரத்தம் வந்த காயம் என்பதால் காயத்தைச் சுற்றியும் மருந்து ஊசி போட்டார்கள். அப்புறம் 0, 3, 7, 28 என்று நாள் கணக்கு வைத்துத் தடுப்பூசி. ஒன்றைக்கூட விடவில்லை. ரேபிஸ் நோய் வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டால் பிழைக்க வழி இல்லை. தெருநாய் கடித்துக் குழந்தைகள் படும் பாட்டை மறைத்துக்கொண்டு நான் நாய்க்காகப் பேசவில்லை. எனக்கும் ஏழாவது படிக்கும் பெண் இருக்கிறாள்.

கால்நடை மருத்துவர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் விரிசல், ஆபரேஷன் தேவைப்படாது, ஆனால் ஆறு வாரம் சின்ன இடத்தில் அடைத்து வைத்து நடமாட்டத்தைக் குறைத்தால்தான் எலும்பு கூடும் என்றார். சிறுநீர் தானாகப் போகிறதா என்று மட்டும் தினமும் கவனிக்கச் சொன்னார். அந்த ஆறு வாரத்துக்குத் தெருவில் ஏது இடம்? நிரந்தர வீடு கிடைக்கும் வரை வைத்துப் பார்ப்பதற்கு ஃபாஸ்டர் என்று பெயர், அந்தச் சொல்லே எனக்கு அன்று தெரியாது. ஆறு வாரம் படுக்க ஒரு மூலை வேண்டும், அவ்வளவுதான் நான் யோசித்தது.

ஆலையில் உடைந்து ஒதுக்கிய பழ கிரேட்டுகளைக் கேட்டு வாங்கி, கம்பி போட்டுக் கட்டி, மாடிப்படிக்குக் கீழே ஒரு அடைப்பு செய்தார் என் வீட்டுக்காரர். ஒரே பக்கம் படுத்தால் புண் வந்துவிடும் என்று நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைத்தோம். வெளிக்குக் கூட்டிப்போக, வயிற்றுக்குக் கீழே ஒரு துண்டைக் கொடுத்துப் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். நான் ஷிப்டில் இருந்தால் அதைச் செய்தவர் என் மாமியார். துரோகம் என்று சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. காது மடலில் மட்டும் உண்ணி ஒரு கைப்பிடி எடுத்திருப்போம். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் உண்ணிக் காய்ச்சலும் இருந்தது. 28 நாள் டாக்ஸிசைக்ளின் மாத்திரை. வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுப்பாள். களியை உருட்டிப் போட்டால் தொடவில்லை, மோரில் கரைத்து ஊற்றினால் குடித்தாள். அதில்தான் மாத்திரை.

யார் கூப்பிட்டும் தலையைத் தூக்காதவள், ஒருநாள் பால்காரக்கா வந்து தெலுங்கில் "இட்ரா, இட்ரா" (இங்கே வா) என்றதும் முன்னங்காலை ஊன்றி எழுந்தாள். நாங்கள் மூன்று வாரம் தமிழில் கொஞ்சிக்கொண்டு இருந்திருக்கிறோம். வாட்ச்மேன் அண்ணன் சொன்னது சரியாகத்தான் இருக்க வேண்டும்.

இதற்கிடையில் வீட்டு ஓனர் அம்மா. இந்த இடத்தில் கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன், மன்னிக்கவும். நாய் இருந்தால் வீட்டைக் காலி செய்யுங்கள் என்றார். சரி, அவர் வீடு. நாங்களும் தேடினோம், பதினோரு வீடு பார்த்தோம். வாடகை, அட்வான்ஸ் பேச்சுக்கு முன்னால் வரும் முதல் கேள்வி "நீங்க என்ன ஆளுங்க?" அடுத்தது "கறி சமைப்பீங்களா?" என்னோடு வேலை செய்யும் ஒரு அக்காவுக்குப் பெயரைச் சொன்னதுமே "வீடு வேற ஆளுக்குச் சொல்லியாச்சு" என்றுவிட்டார்கள். அதே வீட்டுக்கு மறுநாள் நான் போன் செய்தேன், காலி என்றார்கள். நாய்க்கு இடமில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தமில்லை. மனுஷரையே வாசலில் நிறுத்தித் தரம் பார்க்கிறார்களே, அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை.

ஆகஸ்டில் இன்னொரு தலைவலி. டெல்லி தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி 11ஆம் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. எங்கள் தெருவில் "கோர்ட்டே சொல்லிடுச்சு, கொண்டுபோய் விட்டுடுங்க" என்று ஆரம்பித்தார்கள். 22ஆம் தேதி அதே நீதிமன்றம் அதைத் திருத்தியது. கருத்தடையும் தடுப்பூசியும் முடித்து, பிடித்த இடத்திலேயே விட வேண்டும், வெறிநோய் உள்ளதும் மூர்க்கமாகக் கடிப்பதும் மட்டும் விதிவிலக்கு, விரும்புகிறவர்கள் தத்தெடுத்துக்கொள்ளலாம் என்றது. முதல் உத்தரவு தெருவுக்கே தெரிந்திருந்தது. இரண்டாவதைப் படித்தவர் யாரும் இல்லை. நான் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு நாலு வீட்டில் காட்டினேன்.

செவலை நடக்க ஆரம்பித்ததும் தடுப்பூசி, செப்டம்பர் முதல் வாரம் கருத்தடை. இதைச் செய்யாமல் பெட்டை நாயை யாருக்கும் கொடுக்காதீர்கள். சந்தை முடிந்த மறுநாள் சாக்கில் கிடக்கும் குட்டிகளைப் பாருங்கள், பெரும்பாலும் பெட்டையாகத்தான் இருக்கும். "கடுவன் இருந்தா சொல்லுங்க" என்று என்னிடமே எத்தனை பேர் கேட்டார்கள்! மொத்தச் செலவு, டிரைவர் கொடுத்த ஐந்நூறு போக, 9,400 ரூபாய். வசதி இருக்கிறவர்களின் பொழுதுபோக்கு என்று சொல்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்த மாதம் சீட்டுப் பணம் கட்டவில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். முதல் தடவை நான் கொடுத்தது தப்பு. ஓசூரில் ஒரு அடுக்குமாடி வீடு. நல்ல குடும்பம், நல்ல சம்பளம், பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள். நானும் ஓனர் அம்மாவின் தொல்லையில் அவசரப்பட்டேன். போட்டோ அனுப்பினார்கள், அதைப் பார்த்துச் சரி என்றேன், வீட்டைப் போய்ப் பார்க்கவில்லை. ஒன்பதாம் நாள் போன். கட்டிலுக்குக் கீழே இருந்து வெளியே வருவதே இல்லை, படுத்த இடத்திலேயே சிறுநீர், கூப்பிட்டால் உறுமுகிறாள். போய்ப் பார்த்தோம். காலையில் நான் அங்கே இருக்கும்போதே கீழே தண்ணீர் லாரி ரிவர்ஸ் எடுத்தது. பீப், பீப் என்று அந்தச் சத்தம். செவலை சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்கினாள். தினமும் மூன்று லாரி வருமாம். அந்தக் குடும்பத்தின் மேல் தப்பே இல்லை, அவர்களுக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருக்க வேண்டியவள் நான். எங்கள் தெரு குறுகல், அதில் லாரி வருவதில்லை, அதனால் அந்தப் பயம் என் கண்ணில் படவே இல்லை.

திரும்பிக் கூட்டிவந்த பிறகுதான், ஃபாஸ்டர் என்றால் சோறு போட்டு மருந்து கொடுத்து வைத்திருப்பது மட்டும் இல்லை என்று புரிந்தது. எதற்குப் பயப்படுகிறாள், எதைத் தின்கிறாள், குழந்தைகளோடு எப்படி, கோழியைப் பார்த்தால் துரத்துகிறாளா, தனியாக விட்டால் எத்தனை நேரம் தாங்குகிறாள், எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினேன். என் மகள்தான் பாதி எழுதினாள். லாரி சத்தம் இல்லாத இடம், வீட்டில் பகலில் ஆள், கட்டிப்போடாத மனுஷர் என்று மூன்றும் தேவைப்பட்டது. எங்கள் வீட்டில் இரண்டாவது இல்லை. நான் ஆலை, இவர் ஒர்க்‌ஷாப், மகள் பள்ளிக்கூடம். மாமியாரும் தீபாவளிக்கு மேல் பர்கூருக்குச் சின்னவர் வீட்டுக்குப் போக வேண்டியவர். பாசத்தால் நானே வைத்துக்கொண்டிருந்தால் தினமும் எட்டு மணி நேரம் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்திருப்பாள். இதை என் மாமியாரிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை, ஆனால் மறுநாள் பால்காரக்காவிடம் பேசியது அவர்தான்.

பால்காரக்காவின் பெரியப்பா வேப்பனப்பள்ளிக்கு அந்தப் பக்கம், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறார். இரண்டு ஏக்கர், கொஞ்சம் ராகி, கொஞ்சம் தக்காளி. வீட்டில் தெலுங்குதான், சிவப்பை எர்ர என்பார்கள். தக்காளியை டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வைத்து மெயின் ரோடு வரை அவரே கொண்டுபோய்விடுவார், வண்டிப் பாதையில் லாரி வராது. இந்த முறை இரண்டு தடவை நேரில் போனேன். தாத்தாவிடம் நான் கேட்டது ஒரு விஷயம்தான். ராகி கதிர் பிடிக்கும் காலத்தில் அந்தப் பக்கம் யானை இறங்கும், சிறுத்தையும் உண்டு, ராத்திரி காவலுக்கு இவளை வயலில் விடுவீர்களா? பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "யானையைக் குரைச்ச நாய் நம்ம கிட்டத்தான் ஓடி வரும், யானையும் பின்னாலேயே வரும். ராத்திரி இது உள்ள, என் கட்டிலுக்குக் கீழ" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "நீ பொண்ணு குடுக்கிற மாதிரி கேக்குற, கேளு" என்றார்.

ஒரு வாரம் வைத்துப் பாருங்கள், பிடிக்கவில்லை என்றால் எந்த நேரமானாலும் போன் செய்யுங்கள், தெருவில் மட்டும் விடாதீர்கள் என்று சொல்லி, ஊசி அட்டையையும் நோட்டையும் கொடுத்து நவம்பரில் விட்டுவந்தோம். நோட்டு தமிழில் இருக்கிறதே, அவருக்குப் படிக்க வருமா என்று நான் யோசிக்கவே இல்லை. பேத்தி வாசித்துக் காட்டியிருக்கிறாள்.

நீங்களும் கேட்டவரின் வீட்டுக்கு ஒரு தடவை நேரில் போய் வாருங்கள். நாயையும் கூட்டிக்கொண்டே போங்கள், அது எங்கே போய் உட்காருகிறது என்று பாருங்கள். மனசு ஒப்பவில்லை என்றால் கொடுக்காதீர்கள், இன்னொரு மாதம் ஆகட்டும். கொடுத்த அன்று நீங்கள் அழுவீர்கள், நானும் அழுதேன். செவலை அன்று என் பின்னால் வண்டிப் பாதையின் பாதி தூரம் வந்தாள். தாத்தா "இட்ரா" என்றதும் நின்றாள், திரும்பிப் போனாள்.

நாலாவது நாள் ராத்திரி எட்டு மணிக்கு அவர் போன் செய்தார். எனக்குக் கையெல்லாம் சில்லிட்டுவிட்டது, திருப்பிக் கொடுக்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். "ஏம்மா, களியை மோருல கரைச்சுக் குடுன்னு நோட்டுல எழுதியிருக்கியே, எங்க ஊட்டு எர்ரம்மா உருண்டையாவே முழுங்குது. குடுக்கலாமா, வயித்துக்கு ஒண்ணும் பண்ணாதா?" என்றார்.