மூன்றாம் நாளே விட்டுப்போகும் தியானம்

கேள்வி: சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை. இரவு பத்து மணிக்கும் போன் கால் இருக்கும். அலுவலகத்தில் தியான வகுப்பு வைத்து, தினமும் காலையில் 20 நிமிடம் உட்காரச் சொன்னார்கள். மூன்று நாளைக்கு மேல் முடியவில்லை. கண்ணை மூடினாலே முடிக்காத வேலைதான் ஞாபகம் வருகிறது. எனக்கு இது ஒத்துவராதா, டாக்டர்?

பதில்: ஒத்துவரும். அந்த 20 நிமிடம்தான் ஒத்துவரவில்லை. ஒரு கையில் டிபன் பாக்ஸ், மறு கையில் கேப் டிரைவரின் போன் என்று ஓடுகிற நேரத்தில் அது யாருக்கும் கஷ்டம்தான்.

மூன்று நிமிடம் போதும், அதுவும் அலுவலகத்திலேயே. புதுப் பழக்கத்தை ஏற்கெனவே தினமும் செய்கிற ஒன்றோடு முடிச்சுப் போட்டுவிட வேண்டும். லேப்டாப்பைத் திறந்ததும், பாஸ்வேர்டு அடிக்கும் முன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்மணம் எல்லாம் வேண்டாம். பாதம் இரண்டும் தரையில் படட்டும். நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். மூச்சை விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு இதயத்துடிப்பைச் சற்றுத் தணிக்கும். அதனால்தான் விடுவது நீளமாக இருக்கட்டும் என்கிறேன். மொத்தம் 18 மூச்சு, அவ்வளவுதான்.

ஐந்தாவது மூச்சிலேயே கிளையன்ட் மெயில் நினைவுக்கு வரும். வரட்டும். 'அடடா, எங்கேயோ போய்விட்டேனே' என்று உறைக்கிறதல்லவா, அங்கிருந்து மறுபடி மூச்சுக்குத் திரும்புங்கள். பத்து முறை திரும்பினால் பத்து முறை பயிற்சி செய்ததாகக் கணக்கு. மனசு காலியாக வேண்டும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ, நிறையப் பேர் அதை நம்பியே விட்டுவிடுகிறார்கள்.

21 நாளில் பழக்கம் ஆகிவிடும் என்பதையும் நம்பாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள்வரை வேறுபடும் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதகமில்லை என்றும் அதிலேயே தெரிந்தது.

கண்ணை மூடினால் படபடப்பு கூடுகிறதா? திறந்தே வைத்து, மேசையில் ஒரு புள்ளியைப் பாருங்கள். அப்படியும் அடங்காமல் தூக்கமும் கெட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

அப்புறம், அந்தப் பத்து மணி கால். அதற்குத் தியானம் மருந்தில்லை. வகுப்பு வைத்த அதே ஹெச்.ஆரிடம், வாரத்தில் இரண்டு இரவாவது கால் இல்லாமல் ஷிஃப்ட் மாற்ற முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.